குப்பைக்குப் போகும் தீவனம்

நாமக்கல், பல்லடம் வட்டாரங்களின் கோழிப் பண்ணைகளுக்கு வேண்டிய சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. மக்காச்சோளம் பல மாநிலங்களைக் கடந்து வருகிறது. கருவாட்டுத்தூள் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறது. அதே வேளையில், கோயம்பேட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் மற்றுமுள்ள சந்தைகளிலும் அன்றாடம் கழிக்கப்படும் காய்களும் கனிகளும் கீரைகளும், கல்யாண மண்டபங்களில் இலையோடு சுருட்டி எறியப்படும் சோறும், சாப்பாட்டுக் கடைகளில் இரவு மிஞ்சுகின்ற பண்டங்களும் வேறு லாரிகளில் ஏறி ஊருக்கு வெளியேயுள்ள குப்பைமேடுகளைச் சென்றடைகின்றன. உள்ளே வரும் தீவனத்துக்கும் செலவு; வெளியே போகும் ஆகாரத்துக்கும் செலவு. இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் செலவைக் குறைக்க இயலும் என்பதும், அக்காரியத்தில் சாதாரணமான ஓர் ஈயின் புழு நமக்கு உறுதுணையாக நிற்கும் என்பதும், ஆனால் அந்தத் துணை பலிக்க வேண்டுமானால் மிச்சத்தைக் கெடாமல் பிரித்து வைக்கும் ஒழுங்கு முதலில் நம் வீடுகளிலும் சந்தைகளிலும் திரும்ப வரவேண்டும் என்பதும் இங்கே நான் வாசகர்முன் வைக்க விரும்பும் அபிப்பிராயம்.

கோழி வளர்ப்புக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது என்பது அத்தொழிலில் இருப்பவர் அனைவரும் அறிந்த கணக்கு. மாவுச்சத்தைப் பொறுத்தவரையில் மக்காச்சோளம் அகப்படாதபோது கம்பும், கம்பு அகப்படாதபோது குருணையும் ஓரளவு ஈடு கொடுக்கும். புரதத்துக்கோ அவ்வளவு எளிதில் மாற்றுக் கிடைப்பதில்லை. 2021ஆம் ஆண்டில் சோயாப் புண்ணாக்கின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியபோது, பண்ணையாளர்கள் பட்ட அவஸ்தையைக் கண்ட மத்திய அரசு, மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிய நெடுங்காலத் தயக்கத்தையும் ஒதுக்கி வைத்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதி அளித்தது. உலகத்தின் நிலையும் இதுவே. 1972ஆம் ஆண்டில் எல் நினோ என்னும் கடல் வெப்ப மாற்றத்தோடு அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டு பெரு நாட்டின் நெத்திலி வளத்தை நிலைகுலையச் செய்தபோது, மீன்தூள் அருகி, அதற்கு மாற்றாக எல்லோரும் சோயாவை நாட, மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை போடும்படி ஆயிற்று. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2023இல், அதே கடலில் முதற் பருவத்து நெத்திலிப் பிடிப்பைப் பெரு அரசு முற்றாக ரத்துச் செய்ய நேர்ந்தது. எங்கோ ஒரு சமுத்திரம் சூடேறினால் இங்கே ஒரு முட்டையின் விலை அசைகிறது. நம் கடற்கரையிலும், ஏழைகளின் குழம்புக்கு உதவவேண்டிய பொடிமீன்கள் காய்ந்து தூளாகித் தீவன ஆலைகளுக்குப் போவதை நாம் காண்கிறோம். இவ்வளவு தொலைவான, இவ்வளவு நிலையற்ற ஆதாரங்களை மட்டுமே நம்பி ஒரு பெருந்தொழிலை நடத்துவது விவேகமாகாது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. நுகர்வோருக்கென்று கிடைத்த உணவில் இது 19 சதவீதம். இதில் அறுபது விழுக்காடு வீடுகளிலேயே வீணானது. ஈரமான உணவுக்கழிவு காற்றுப் புகாத குப்பைமேட்டின் உள்ளே அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. அவ்வாயு பூமியைச் சூடேற்றுவதோடு, நெருப்புப் பற்றினால் எளிதில் அணையாதபடி குப்பைமேட்டை உள்ளேயே கனன்று எரியவும் செய்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றுவட்டார மக்கள் நாட்கணக்கில் புகையைச் சுவாசித்து வருந்தியதை நாம் மறந்துவிடலாகாது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2019 அக்டோபரில், சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். மிஞ்சிய சோற்றையும் காய்த்தோலையும் நாம் பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவில் போடுகிறோம். பசித்த பசு பையோடு விழுங்குகிறது. அந்த மாட்டுக்கு ஆகாரமாக வேண்டியது எதுவோ அதையே அதற்கு விஷமாக்கிக் கொடுக்கும் இந்த வழக்கத்தைக் காட்டிலும் வெட்கப்படத்தக்க விஷயம் நம் அன்றாட வாழ்வில் வேறு அதிகம் இல்லை.

இந்நிலை நம் நாட்டின் பழைய சம்பிரதாயம் அன்று. மாடில்லாத வீட்டிலும் கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், பழத்தோல், உண்டு மிஞ்சிய சோறு ஆகியவை அதில் சேரும். அடுத்த தெருவில் மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப்போய்த் தவிடும் புண்ணாக்கும் கலந்து தொட்டியில் ஊற்றுவார். அந்தப் பானையில் எதைப் போடலாம், எதைப் போடலாகாது என்பது வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கும் தெரியும். உடைந்த கண்ணாடியையோ துணிக் கந்தலையோ அதில் எவரும் போடமாட்டார்கள், ஏனெனில் அது ஒரு ஜீவன் உண்ணப்போகிற உணவு என்னும் பிரக்ஞை எல்லோருக்கும் இருந்தது. நாட்டுக்கோழிக்கோ தனியாகப் புரதம் வாங்கிப் போட்டவர் எவருமில்லை. எருக்குழியையும் வைக்கோற்போரின் அடியையும் கிளறி, அங்கே நெளியும் புழுவையும் பூச்சியையும் பொறுக்கித் தின்றே அது தன் தேவையைத் தீர்த்துக்கொண்டது. குஞ்சு பொரித்த நாட்களில், பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் ஓலைத் துண்டுகளையும் அடைத்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் அதில் கறையான் நிரம்பிவிடும். காலையில் அதைக் குஞ்சுகளின் முன்னே தட்டுவார்கள். இம்முறையைக் கால்நடை வல்லுநர்கள் இன்றும் நாட்டுக்கோழி வளர்ப்போருக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.

பட்டுத் தொழிலிலும் இத்தகைய உதாரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விளையும் பட்டுக்கூட்டிலிருந்து ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஆறு, ஏழு கிலோ கூடு வேண்டும். அந்தக் கூட்டின் எடையில் மிகப் பெரும்பகுதி அதனுள்ளே இருக்கும் கூட்டுப்புழுவே ஆகும். நூலைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் அப்புழுவை உலர்த்தினால், அதில் பாதியளவு புரதம்; கொழுப்பை நீக்கினால் அதனினும் மிகுதி. மீன் வளர்ப்போரும் கோழி வளர்ப்போரும் இதன் அருமையை நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள். ஆயினும், கொழுப்பு மிகுந்த அப்புழு சீக்கிரத்தில் ஊசி நாற்றமெடுப்பதாலும், உடனுக்குடன் உலர்த்தவும் எண்ணெய் பிரிக்கவும் சிறு நூற்பு நிலையங்களுக்கு வசதி இல்லாமையாலும், நல்ல தீவனமாகவேண்டிய சரக்கு பல இடங்களில் அற்ப விலைக்குப் போகிறது. ஆகவே, பூச்சியைத் தீவனமாக்குவது மேனாட்டார் கண்டுபிடித்து நமக்கு அனுப்பிய புதுமை என்று எவரும் மலைக்க வேண்டியதில்லை. பழகிய காரியத்தை இந்தக் காலத்தின் அளவுக்கும் இந்தக் காலத்தின் சுகாதாரத்துக்கும் ஏற்றபடி செய்வது எப்படி என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

சுகாதாரம் என்ற சொல்லை இங்கே நான் அழுத்திச் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. மிச்சத்தை மிருகங்களுக்கு ஊட்டிய சில நாடுகள் அதற்குக் கொடுத்த விலை சாமானியமானதன்று. இங்கிலாந்தில், அறுத்த மாடுகளின் எலும்பையும் இறைச்சித் துணுக்கையும் தூளாக்கி மாடுகளுக்கே தீவனமாகக் கொடுத்து வந்த வழக்கத்தால் பரவிய மூளைநோய் 1986இல் கண்டறியப்பட்டது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளிடம் அந்நோய் உறுதியாயிற்று. நோயுற்ற மாட்டிறைச்சியின் மூலம் மனிதருக்கும் அது தொற்றுவதாக 1996இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. அங்கே மாத்திரம் 178 பேர் அதனால் மாண்டனர். 2001ஆம் ஆண்டில், நார்த்தம்பர்லாந்துப் பகுதியில் ஒரு பன்றிப் பண்ணைக்கு வந்த உணவு விடுதிக் கழிவைச் சரியாகக் காய்ச்சாமல் ஊட்டியதிலிருந்து கோமாரி நோய் பரவியதாக விசாரணையில் முடிவாயிற்று; அதை அடக்குவதற்காக அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் சீனத்தில் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதிலும், காய்ச்சாத எச்சில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு; 2020இல் அந்நோய் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் புகுந்தது. இம்மூன்று அனுபவங்களும் நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் மிகத் தெளிவானவை: ஓர் இனத்தை அதே இனத்துக்கு ஊட்டலாகாது, இறைச்சி கலந்த கழிவையும் கலக்காத கழிவையும் ஒன்றாகச் சேர்க்கலாகாது, காய்ச்ச வேண்டியதைக் காய்ச்சாமல் கொடுக்கலாகாது.

இப்பாடங்களைக் கற்ற நாடுகள் ஒரே வழியில் செல்லவில்லை. இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் சமையற்கழிவைக் கால்நடைகளுக்கு ஊட்டுவதையே அடியோடு தடுத்துவிட்டன. ஜப்பானோ, தீவனத்தின் பெரும்பகுதியைக் கப்பலில் தருவிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கும் நாடாதலால், 2000ஆம் ஆண்டில் உணவு மறுசுழற்சிக்கென்று தனிச் சட்டம் இயற்றி, உணவு ஆலைகளும் பெருங்கடைகளும் தம் மிச்சத்தைக் கணக்குக் காட்டி மறுபயனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. பின்னர் அச்சட்டத்தைத் திருத்தி, எருவாக்குவதைக் காட்டிலும் தீவனமாக்குவதற்கே முதலிடம் என்று நிர்ணயித்தது. விற்காத ரொட்டி, மிஞ்சிய சோறு, காய்த்துண்டுகள், சோயாப்பால் எடுத்த சக்கை ஆகியவற்றைக் கடைகளிலேயே தனித்தனிக் கூடைகளில் பிரித்து, வண்டியில் குளிரக் காத்துக் கொண்டுபோய், காய்ச்சியும் புளிக்க வைத்தும் பன்றிகளுக்குத் தீவனமாக்குகிறார்கள். 2018இல் அங்கே மீண்டும் பன்றிக் காய்ச்சல் தலைகாட்டியபோது, அந்நாடு இம்முறையைக் கைவிட்டுவிடவில்லை. காய்ச்சும் வெப்பத்தையும் நேரத்தையும் உயர்த்தி விதியை இறுக்கியது. அபாயம் உண்டென்பதற்காக ஆகாரத்தை அழிப்பது ஒரு வழி; அபாயத்தை ஒழுங்கினால் அடக்கி ஆகாரத்தைக் காப்பது மற்றொரு வழி. பின்னதே நமக்கு உகந்தது என்பது என் துணிபு.

இவ்விடத்தில்தான் புழுவின் உதவி வருகிறது. கழிவை நேரே கால்நடைக்கு ஊட்டுவதிலுள்ள அபாயங்களிற் பலவற்றை இடையில் நின்று குறைக்கத்தக்க ஓர் உயிர், பண்ணையாளர்கள் ‘பிளாக் சோல்ஜர்’ என்று வழங்கும் கறுப்புச் சிப்பாய் ஈ. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இந்த ஈ, இன்று வெப்ப நாடுகளெங்கும் பரவி, நம் எருக்குழிகளிலும் தானாகவே வாழ்கிறது. வீட்டு ஈயைப் போல் இது உணவின் மீது மொய்ப்பதில்லை, கடிப்பதுமில்லை. புழுப் பருவத்தில் உண்டு சேமித்த கொழுப்பைக் கொண்டே வளர்ந்த ஈ தன் சில நாள் ஆயுளைக் கழித்துவிடுவதால், அது சமையலறையைத் தேடி வருவதற்கு அவசியமே இல்லை. பெண் ஈ ஒரு தடவையில் ஐந்நூறு முதல் தொள்ளாயிரம் முட்டைகள் வரை இடுகிறது; நான்கு நாளளவில் அவை பொரிந்து, புழுக்கள் இரண்டு மூன்று வாரம் இடைவிடாது தின்று, தாம் பிறந்தபோதிருந்த எடையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்கின்றன. அவை தின்னும் கழிவு பாதிக்கு மேல் குறைந்துபோகிறது. எஞ்சுவது நாற்றமற்ற பொடி எருவாகத் தோட்டத்துக்கு உதவுகிறது. இப்புழுக்கள் மண்டியுள்ள கழிவில் வீட்டு ஈ முட்டையிடுவதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இந்த ஜீவனின் இயல்பில் பண்ணையாளனுக்கு அனுகூலமான மற்றொரு விசேஷமும் உண்டு. கூட்டுப்புழுவாவதற்குச் சற்று முன்னர், புழு உண்பதை நிறுத்தி, ஈரத்தை விட்டு விலகி, உலர்ந்த இருண்ட மூலையைத் தேடி மேலேறிச் செல்கிறது. தொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டி, அதன் உச்சியில் ஒரு வாளியை வைத்துவிட்டால், புழுக்கள் தாமாகவே ஏறிவந்து வாளிக்குள் விழுகின்றன. அறுவடைக்கு ஆள் வேண்டுவதில்லை. உலர்த்திய புழுவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் புரதமும், முப்பது சதவீதம் அளவில் கொழுப்பும், முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. கோழிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் சோயாவிலும் மீன்தூளிலும் ஒரு பகுதியைக் குறைத்து அவ்விடத்தில் இதைச் சேர்க்கலாம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இறால் தீவனத்தில் பூச்சிப் புரதத்தைப் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்து வருகிறது.

இப்படிப்பட்ட குணங்கள் இருந்தும், பூச்சித் தீவனத் தொழிலில் முன்னோடியாக இறங்கிய ஐரோப்பாவில் சில பெரிய ஆலைகள் ஏன் தள்ளாடின என்பதை நாம் அவசியம் ஆராய வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் பூச்சிகளை உணவாகவும் தீவனமாகவும் கொள்வது பற்றி 2013இல் வெளியிட்ட நூல் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் மீன் தீவனத்திலும், 2021இல் கோழி, பன்றித் தீவனத்திலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. கோடிக்கணக்கான முதலீடு திரண்டது. ஆனால் பிரான்சில் 2011இல் தொடங்கிப் பெரும் முதலீடு திரட்டிய ‘இன்செக்ட்’ என்னும் நிறுவனம் 2024இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. அங்கே பண்ணைப் பூச்சியும் சட்டப்படி ஒரு கால்நடையே. ஆகவே உணவு விடுதிக் கழிவையோ சாணத்தையோ அதற்கு ஊட்டலாகாது என்பது விதி. கோழிக்கு நேராகவே கொடுக்கத்தக்க தவிட்டையும் தானிய மிச்சத்தையும் விலை கொடுத்து வாங்கிப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைக் கோழிக்குப் போடுவதில் யாருக்கு என்ன லாபம்? அதோடு, குளிர் நாட்டில் பண்ணைப் பூச்சிகளுக்கு வேண்டிய வெப்பத்தை ஆண்டு முழுவதும் விலை கொடுத்து வாங்க வேண்டும். கழிவை உண்பதும் வெப்பத்தில் செழிப்பதுமே இந்தப் பூச்சித் தொழிலின் இரண்டு பலங்கள். அவ்விரண்டையும் இழந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஆலையும் சுமையாகவே முடியும்.

நமக்கோ அவ்விரண்டும் கேளாமலே கிடைத்திருக்கின்றன. இப்புழு விரும்பும் இருபத்தேழு முதல் முப்பது டிகிரி வெப்பம் தமிழ்நாட்டில் வருஷத்தின் பெரும்பகுதியும் இயற்கையாக உண்டு. இந்த ஈ கூடுவதற்குப் பிரகாசமான வெளிச்சம் வேண்டும். குளிர் நாட்டார் அதற்கென்று தனி விளக்குகள் ஏற்ற, நாம் ஒரு வலைக்கூண்டை வெயிலில் நிறுத்தினால் போதும். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான மக்கும் கழிவு. எனவே நாம் பின்பற்றத்தக்க உதாரணம் பிரான்சில் இல்லை. அது கென்யாவில் இருக்கிறது. தாமஸ் ஒடியாம்போ என்னும் ஆப்பிரிக்க விஞ்ஞானி 1970இல் நைரோபியில் நிறுவிய பூச்சியியல் ஆய்வு நிலையம், சிறு விவசாயிகளும் இளைஞர்களும் பெண்களும் தங்கள் ஊர்க் கழிவைக் கொண்டு இப்புழுவை வளர்க்கப் பயிற்சி அளித்து வருகிறது. 2017இல் கென்ய அரசு தீவனப் பூச்சிக்கென்று தர நிர்ணயமும் வகுத்தது. பெரிய ஆலைக்கு முன்னால் சிறிய தொட்டியும், தொட்டிக்கு முன்னால் தெளிவான தரமும் வந்தன என்பதே அந்நாட்டின் சிறப்பு.

நம் நாட்டில் இதைச் செய்வதற்குரிய இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நுண் உர மையங்கள் கட்டப்பட்டுள்ளன. அங்கே காய்கறிக் கழிவு வாரக்கணக்கில் கிடந்து எருவாகிறது. அதே கொட்டகையில் ஒரு பகுதியைப் புழுத் தொட்டிகளுக்கு ஒதுக்கினால், அதே கழிவு எருவோடு தீவனத்தையும் தரும். அவ்வருமானத்தை அந்த மையத்தில் உழைக்கும் தூய்மைப் பணியாளருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் உரியதாக்கலாம். மற்றவர் எறிந்ததை நாற்றத்தில் நின்று கையால் பிரிக்கும் அந்த உழைப்பாளிகளின் வேலைக்குக் கூலியும் கௌரவமும் கூடும் மார்க்கம் இது என்பதாலேயே நான் இதை வற்புறுத்துகிறேன்.

ஆனால் எல்லாக் கழிவையும் புழுவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. எது எவருக்கு என்னும் வரிசை முக்கியம். உண்ணத்தக்க உணவு முதலில் மனிதருக்கே உரியது. மண்டபத்தில் மிஞ்சிய நல்ல சோறு பசித்தவரைச் சென்றடைய வேண்டும். அடுத்தபடி, சுத்தமான காய்த்தோலும் கீரைத்தண்டும் கஞ்சியும் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பியும் நேரே மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகலாம். அவற்றைப் புழுவின் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவது வீண். கால்நடைக்கு நேரே கொடுக்க முடியாதபடி நைந்துபோன கனியும் காயும் அதற்கடுத்த நிலையில் புழுவுக்குரியவை. புழுவுக்கும் ஆகாதது சாண எரிவாயுக் கலத்துக்கும் எருக்குழிக்கும் போகட்டும். குப்பைமேடு கடைசியிலும் கடைசி. இறைச்சி கலந்த கழிவு, மருத்துவமனைக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு ஆகியவை தீவனத்தின் பக்கமே வரலாகாது. காட்மியம் போன்ற கன உலோகங்கள் கழிவில் இருந்தால் இப்புழு அவற்றைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது என்பது ஆய்வில் கண்ட உண்மை. ஆகவே எந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்னும் பதிவேடும், புழுவைக் காய்ச்சி உலர்த்தும் கட்டாயமும், அவ்வப்போது பரிசோதனையும் இன்றி ஒரு கிலோ புழுத்தூளும் சந்தைக்கு வரலாகாது. மாட்டுக்கு எந்தப் பிராணிப் புரதமும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாடம் நமக்கு அதில் என்றும் நினைவிருக்க வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் முதன்மையானது அருவருப்பு. புழுவைத் தின்ற கோழியின் முட்டையை எப்படி உண்பது என்று கேட்கிறார்கள். நாட்டுக்கோழி முட்டையென்றால் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்கும் நாம், அந்தக் கோழி எருக்குழியில் எதைத் தின்று வளர்ந்தது என்பதைச் சிந்தித்தால் இந்தக் கூச்சம் தானே நீங்கும். பூச்சி கோழியின் இயல்பான ஆகாரம். சோயாவே மனிதன் அதற்குப் பழக்கிய ஆகாரம். இரண்டாவது ஆட்சேபம் விலை. இன்றைய நிலையில் உலர்ந்த புழுத்தூள் சோயாப் புண்ணாக்கைக் காட்டிலும் மலிவாகக் கிடைப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அக்கணக்கில், கழிவை அள்ளி ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஊராட்சியும் நகராட்சியும் செய்யும் செலவு சேர்க்கப்படவில்லை. எரியும் குப்பைமேட்டின் புகையால் மக்கள் படும் நோய்க்கு விலை போடப்படவில்லை. தன் தோட்டத்துத் தொட்டியில் வளர்ந்த புழுவை உலர்த்தாமல் அன்றன்றே தன் கோழிகளுக்குப் போடும் சிறு விவசாயிக்கு ஆலைச் செலவும் வண்டிச் செலவும் இல்லை. அவனுக்கு இது இன்றே கட்டுப்படியாகும். சோயாவை முற்றிலும் அகற்றிவிட வேண்டும் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளூர்க் கழிவிலிருந்தே பிறக்குமானால், 2021இல் நேர்ந்தது போன்ற விலையேற்றத்தின் அடியைப் பண்ணைகள் தாங்கிக்கொள்ள அது பெருந்துணையாகும்.

எனவே செய்யவேண்டிய காரியங்கள் மூன்று. கழிவிலிருந்து வளர்க்கும் தீவனப் பூச்சிக்கு, எந்தக் கழிவை ஊட்டலாம், எவ்வளவு வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும், எந்தக் கால்நடைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் விதிகளை அரசு வகுத்துச் சிறு விவசாயிக்கும் புரியும் தமிழில் வெளியிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நம் சந்தைக் கழிவையும் நம் கோழியினங்களையும் வைத்தே பரிசோதனைகள் நடத்தி, ஈயும் அதன் முட்டையும் தொட்டி அமைக்கும் முறையும் ஊர்தோறும் கிடைக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது காரியம் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. வீட்டுக் கழிவைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன; ஆயினும் பிரிக்காமல் ஒரே பையில் முடிந்து போடும் வீடுகளே இன்னும் பெரும்பான்மை. பிளாஸ்டிக்கும் பேட்டரியும் சானிட்டரித் துணியும் கலந்த சோற்றை எந்தப் பல்கலைக்கழகமும் தீவனமாக்கித் தர முடியாது. எந்தப் புழுவும் அதைச் சுத்தம் செய்துவிடாது. ஆகையால், வாசகரே, இன்று முதல் உம் வீட்டில் ஈரக் கழிவுக்கென்று மூடியுள்ள ஒரு பாத்திரத்தைத் தனியாக வையும். அதில் போடும் ஒவ்வொரு பொருளும் ஓர் உயிர் உண்ணப்போகிற ஆகாரம் என்று உம் பிள்ளைகளுக்குச் சொல்லும். அதைப் பிரித்து எடுத்துப்போக வண்டி வராவிடில் உம் வார்டு உறுப்பினரிடம் கேளும். சட்டமும் விஞ்ஞானமும் செய்ய வேண்டியவை பின்னர் வரும். அவை பயன்படுவதற்கு வேண்டிய முதற்பொருள் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்கிறது.